இன்னும் மூச்சு விடுகிறவர்கள்

நிரோஜன் இறந்த பிறகும் அவனுடைய நுரையீரல் சுவரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கதவளவு அகலமான திரை. அதில் இரண்டு நுரையீரல்களும் விரிந்தன, சுருங்கின, மறுபடியும் விரிந்தன. தளிர்ப் பச்சை நிறம். கீழே ஒரு வரி: ‘நிலை சீராகிறது. இரவுக்குள் ஒட்சிசனைக் குறைக்கலாம்.’ கட்டிலில் கிடந்தவனின் உதடுகள் கறுத்துப்போயிருந்தன. அவனுடைய நெஞ்சை அழுத்தி அழுத்திக் களைத்துப்போன தாதி சீரி, கையுறையைக்கூடக் கழற்றாமல் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

டொக்டர் ஆரபி மரண நேரத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தாள். அவளுடைய கண் கட்டிலுக்கும் சுவருக்குமாகப் போய்ப் போய் வந்தது. இருபது வருடமாக நுரையீரல் மருத்துவம் பார்க்கிறவள். எத்தனையோ சாவுகளைப் பார்த்திருக்கிறாள். செத்தவனுக்கு மேலே அவனுடைய மூச்சு ஓடுவதை அவள் பார்த்ததில்லை.

கதவடியில் நிரோஜனின் மனைவி தர்சிகா நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆட்கள் ஓடிய சத்தம் கேட்டு வந்துவிட்டாள். அவள் கட்டிலைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தாள்.

“ஆரபியக்கா, ஏன் நிப்பாட்டினனீங்கள்?” என்றாள். “அங்க பாருங்கோ, மூச்சு விடுறார்தானே?”

ஆரபி பாய்ந்து போய்த் திரையை அணைக்கப் பார்த்தாள். அது அணையவில்லை. நோயாளியின் திரையை வார்ட்டில் யாரும் கையால் அணைக்க முடியாதபடிதான் அதைச் செய்திருந்தார்கள். கடைசியில் சீரி ஒரு கட்டில் விரிப்பை எடுத்து அதற்கு மேலே போட்டாள். விரிப்புக்குப் பின்னாலும் பச்சை வெளிச்சம் கூடிக் குறைந்துகொண்டிருந்தது.

ஸ்டூர்விக் நோர்வேயின் வடகோடியில் இருக்கிற ஒரு சின்னத் துறைமுகம். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஆள் கிடைக்காத காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆரபியின் அப்பா அவர்களில் ஒருவர். அவருக்குப் பின்னால் சோமாலியர்கள், பாகிஸ்தானியர்கள், நேபாளிகள் என்று வேறு ஆட்களும் வந்தார்கள். நிரோஜன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கடலுக்குள் சல்மன் வளர்க்கிற வலைக்கூண்டுகளுக்குள் இறங்கிக் கிழிசல் பார்க்கிற சுழியோடி. தர்சிகா கிளிநொச்சியிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள்.

அந்த மார்கழியில் ஊருக்குள் ஒரு சளிக்காய்ச்சல் இறங்கியது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாள் இருமலோடு போனது. சிலருக்கு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் யாரும் பதறவில்லை. அவர்களிடம் ‘நிழல்’ இருந்தது.

நிழலுக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. ஒருவரை வார்ட்டில் சேர்த்ததும் அவருடைய நெஞ்சை ஒரு கருவி படம் எடுக்கும். ஒரு சொட்டு இரத்தம் எடுக்கும். ஒட்சிசனை அளக்க விரலில் ஒரு வெளிச்சக் கவ்வியை மாட்டும். பிறகு அந்த ஆளின் நுரையீரலைப் போலவே ஒன்றைக் கணினிக்குள் உண்டாக்கி, அதை எட்டு மணி நேரம் முன்னால் ஓடவிடும். இரவு வரப்போகிற மூச்சுத்திணறலைப் பகலிலேயே சுவரில் காணலாம். நிழல் சிவந்தால் தீவிர சிகிச்சைக் கட்டில் தயாராகும். கடுஞ்சிவப்பானால், பெரிய நகரத்திலுள்ள வான் மருத்துவ மையம் தானாகவே ஹெலிகொப்டரை அனுப்பும். பச்சையென்றால் காத்திருக்கலாம். நான்கு வருடத்துக்கு முன் நிழல் வந்த வருடமே நாட்டில் நிமோனியாச் சாவு பாதியாகக் குறைந்தது. ஆரபி அதை மனதார நம்பினாள்.

நிரோஜன் அன்று காலை தன் காலால் நடந்து வந்தான். “உங்கட கையால ஒரு ஊசி போட்டு விடுங்கோவன், பின்னேரம் வேலைக்குப் போகலாம்” என்று பகிடி விட்டான். நிழல் பச்சை. விரல் கவ்வியில் தொண்ணூற்றைந்து. மெல்லிய ஒட்சிசன் குழாய் ஒன்றை மூக்கில் வைத்துச் சாதாரணக் கட்டிலில் விட்டார்கள்.

தர்சிகா இரண்டு தடவை ஆரபியைத் தேடி வந்தாள்.

“அக்கா, இவர் கதைக்கிறது சரியில்லை. ஒரு வசனத்தை மூண்டாப் பிச்சுக் கதைக்கிறார். தண்ணிக்குள்ள இறங்கி ஏறின உடனகூட இவர் இப்பிடி இளைச்சதில்லை.”

“நீர் பயப்பிடாதையும். சுவரைப் பாரும், வடிவாப் பச்சை. பின்னேரம் இன்னும் சுகமாகும்.”

மத்தியானம் தாண்டியதும் நிரோஜன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்படியே சரிந்தான்.

வார்ட்டுக்குப் பொறுப்பான தலைமை டொக்டர் ஹால்வர் நல்ல மனுசர். அன்று மாலை ஆரபியைத் தன் அறையில் உட்காரவைத்துத் தன் கையாலேயே கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

“இதயமாக இருக்கும்” என்றார். “இளம் வயதில் சிலருக்கு இப்படி நடப்பதுண்டு.”

“அவன் மூச்சுத் திணறித்தான் இறந்தான், ஹால்வர். நான் பக்கத்தில் நின்றேன்.”

“நிழலில் நுரையீரல் நன்றாகத்தானே இருக்கிறது? நுரையீரல் நன்றாக இருந்தால் சாவு வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். கணினியும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ‘நுரையீரல் சாராத காரணம்.’”

ஆரபி கோப்பியைத் தொடவில்லை. “உடலைத் திறந்து பார்க்க வேண்டும்” என்றாள்.

அடுத்த நாள் திறந்தார்கள். ஆரபியும் போய் நின்றாள். பிரேதப் பரிசோதகர் நிரோஜனின் நுரையீரலை இரண்டு கையாலும் ஏந்தித் தராசில் வைத்தார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, தராசு பிழையோ என்று கீழே குனிந்து பார்த்தார். பிழையில்லை. காற்று இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் நீர். பிழியாத பஞ்சைப் போல அது கனத்தது. இதயத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“இந்த ஆள் எப்படி நடந்து வந்தார்?” என்று பரிசோதகர் கேட்டார்.

ஆரபி வெளியே வந்து நடைவழியில் நின்றாள். பிறகு நேராக வார்ட்டுக்குப் போனாள். தன்னைப் போன்ற தோல் நிறமுள்ள நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லாருக்கும் மேலே பச்சை. அவர்களில் ஒருத்தி ஹோடான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற சோமாலியப் பெண். தொலைபேசியில் தங்கையோடு கதைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு சொல்லுக்கு ஒருதடவை நிறுத்தினாள். விரல் கவ்வியில் தொண்ணூற்று நான்கு. ஆரபி அவளுடைய மணிக்கட்டு நாடியிலிருந்து நேராக இரத்தம் எடுத்துச் சோதித்தாள். விடை வந்தது. எண்பது.

எண்பது என்றால் மூளை மயங்கத் தொடங்குகிற அளவு. சுவரில் நிழல் நிம்மதியாக மூச்சு விட்டது.

ஆரபி வான் மருத்துவ மையத்தை அழைத்தாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். “டொக்டர், உங்கள் நோயாளியின் நிழல் பச்சையாக இருக்கிறது. இன்று எங்களிடம் இருப்பது ஒரே ஹெலிகொப்டர். பச்சைக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை.”

“இரத்தச் சோதனை என் கையில் இருக்கிறது. அவள் செத்துக்கொண்டிருக்கிறாள்.”

“வருந்துகிறேன். நிழல் மாறினால் உடனே தெரியும்.”

ஆரபி போனை வைத்தாள். ஹோடானின் விவரத் திரையைத் திறந்தாள். பெயர், வயது, உயரம், எடை. அதற்குக் கீழே ‘தோற்றம்’ என்று ஒரு பெட்டி. இரத்தச் சொட்டைப் பார்த்துக் கணினியே நிரப்புகிற பெட்டி. அதில் ‘கிழக்கு ஆபிரிக்கா’ என்று இருந்தது. அவள் அதை இதற்கு முன் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. என்ன நினைத்தாளோ, அந்தச் சொல்லை அழித்துவிட்டு ‘வட ஐரோப்பா’ என்று போட்டாள்.

நிழல் அரைநொடி நின்றது. பிறகு சிவந்தது.

அடியிலிருந்து மேலே தண்ணீர் ஏறுவதுபோலச் சிவப்பு ஏறி, இரண்டு நுரையீரலையும் முழுசாக மூடியது. வார்ட் முழுக்க மணி அடித்தது. சீரி ஓடி வந்தாள். கட்டிலில் ஹோடான் முன்பிருந்தபடியேதான் இருந்தாள். மருந்து மாறவில்லை, காய்ச்சல் மாறவில்லை. மாறியது ஒரு சொல்.

“என்ன செய்தாய்?” என்று சீரி கேட்டாள்.

“அவளை வெள்ளைக்காரியாக்கினேன்” என்றாள் ஆரபி.

ஹெலிகொப்டர் வந்தது. ஹோடான் பிழைத்தாள்.

மறுநாள் காலை அந்தத் ‘தோற்றம்’ பெட்டி யாரும் தொட முடியாதபடி பூட்டப்பட்டிருந்தது. நோயாளியின் விவரத்தைப் பொய்யாக மாற்றியதற்கு விளக்கம் கேட்டுத் தலைமையிடத்திலிருந்து செய்தியும் வந்திருந்தது. ஹால்வர் ஆரபியைக் கூப்பிட்டார். திட்டுவார் என்றுதான் அவள் போனாள். அவர் திட்டவில்லை. ஹோடானின் இரத்தச் சோதனையையும் நிரோஜனின் நுரையீரல் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை பேரை இப்படி மாற்றியிருப்பாய்?”

“எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரையும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். “எனக்கு இது விளங்கவில்லை, ஆரபி. நிழலைச் செய்தவர்களிடமே கேள். ஒஸ்லோவில் ஒருவர் இருக்கிறார். உங்கள் மொழிக்காரர் என்று நினைக்கிறேன்.”

அவர் பெயர் பொழிலன். தமிழ்நாட்டிலிருந்து வந்து அந்தக் கம்பெனியில் வேலை செய்கிற பொறியாளர். காணொளியில் முகம் தெரிந்ததும் சிரித்தார். “மேடம், நீங்க தமிழா? ஆறு வருஷமா இங்க இருக்கேன், ஆபீஸ் போன்ல தமிழ் பேசுறது இதுதான் முதல் தடவை.”

ஆரபி நடந்ததையெல்லாம் சொன்னாள். அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“நுரையீரல் எவ்வளவு பெருசுன்னு சிஸ்டத்துக்கு ஒரு நார்மல் வேணும் மேடம்” என்றார். “வெள்ளைக்காரங்களுக்கு லட்சக்கணக்குல ஸ்கேன் இருக்கு. நம்மாளுங்களுக்கு இல்ல. அதனால டாக்டருங்க ரொம்ப காலமா வச்சிருக்கிற ஒரு கழித்தல் கணக்கையே போட்டோம். தெற்காசியான்னா இவ்வளவு கம்மி, ஆப்பிரிக்கான்னா இவ்வளவு கம்மி. பிறவியிலேயே சின்ன நுரையீரல்னு எடுத்துக்கும்.”

“நிரோஜன் சுழியோடி. வருசா வருசம் அவன்ர கம்பெனி அவனை ஊதச் சொல்லி அளந்தது. இந்த ஊரில அவனளவு மூச்சுப் பிடிக்கிற நோர்வேக்காரன் ஒருத்தனும் இல்லை.”

பொழிலன் கணக்குப் போட்டுப் பார்த்தார். “அப்போ... நுரையீரல்ல கால்வாசி போனப்புறமும் சிஸ்டம் என்ன நினைச்சிருக்கும்னா, இவருக்குப் பொறந்ததே இவ்வளவுதான், ஒண்ணும் குறையலன்னு.”

“விரலில மாட்டுற கவ்வி?”

“கறுப்புத் தோல்ல அது கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். தெரிஞ்ச விஷயம்தான் அது.”

“தெரிஞ்ச விசயமோ?” ஆரபி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். “ஆருக்குத் தெரிஞ்ச விசயம், தம்பி? எனக்கும் தெரியும். படிக்கேக்க படிச்சனான். நிழல் அதெல்லாத்தையும் திருத்திப்போட்டுத்தான் காட்டுது எண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான் நம்பினன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒண்டு சொல்லுங்கோ” என்றாள் ஆரபி. “ஒவ்வொரு நோயாளியிட்ட இருந்தும் அது படிக்குதுதானே? பிழை விட்டால் திருத்துமெண்டுதானே சொன்னவை? நாலு வருசமாச் சனம் செத்திருக்கு. ஏன் அது படிக்கேல்லை?”

“படிச்சிருக்கணும் மேடம். ஒரு சாவு வந்தா அந்த நிழல் மூடிக்கும், எங்க தப்புன்னு திரும்பிப் பார்க்கும். இருங்க, நிரோஜன் ஃபைலைப் பார்க்கிறேன்.”

அவர் விசைப்பலகையில் தட்டினார். நிறுத்தினார். மறுபடியும் தட்டினார். முகத்தில் இரத்தம் வற்றிப்போனது ஆரபிக்குத் திரையிலேயே தெரிந்தது.

“மேடம், இது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.”

“என்ன ஓடுது?”

“நிரோஜனோட நிழல். ‘நுரையீரல் சாராத காரணம்’னு பதிவானதால மூடல. நோயாளி வேற எதுலயோ செத்துட்டாரு, நுரையீரல் நல்லாத்தான் இருக்குன்னு எடுத்துக்கிட்டு முழுசா ஓட்டி, இப்போ ‘குணம்’னு போட்டிருக்கு.”

“செத்தவனுக்குக் குணமோ?”

பொழிலன் எதையோ தேடினார். பிறகு தன் திரையை அவளுக்கும் காட்டினார். முதலில் ஆரபிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திரை நிறையச் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள். அவர் பெரிதாக்கினார். புள்ளிகள் எல்லாம் நுரையீரல்கள். ஒவ்வொன்றும் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

“இவங்க எல்லாரும்...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

“செத்த ஆக்கள்” என்றாள் ஆரபி.

“ஆமா மேடம். நாடு முழுக்க. நிழல் பச்சையா இருக்கும்போது செத்தவங்க. ஒவ்வொருத்தரையும் குணமானவங்கன்னு சேர்த்து வச்சிருக்கு. மத்தவங்களுக்கு நார்மல் எங்கிருந்து வருதுன்னு பார்த்தேன்... இவங்ககிட்டேர்ந்துதான் வருது. இவ்வளவு கம்மி ஆக்சிஜன்லயும் நம்ம மாதிரி ஆளுங்க பிழைச்சுக்கிறாங்கன்னு இவங்கதான் சிஸ்டத்துக்குக் கத்துக்குடுக்கிறாங்க.”

பெயர்கள் கீழிருந்து மேலே நகர்ந்தன. ஆரபி தன் வார்ட்டுப் பெயர்களைக் கண்டாள். கோயில் நிர்வாகத்தில் இருந்த நல்லதம்பி. மீன் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்த பர்வீன். இருவரும் இறந்தபோது அவள் பக்கத்தில் நிற்கவில்லை; கணினி சொன்னபடி ‘இதயம்’ என்று அவளே கையெழுத்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன சனம், உயிரோடு இருக்கிற தங்கள் சனத்தைக் கொன்றுகொண்டிருந்தது. அவர்களுக்கே தெரியாமல் அவர்களை அதற்குப் பிடித்து வைத்திருந்தார்கள்.

ஆரபி எழும்பிப் போய் யன்னலைத் திறந்து குளிர்காற்றில் நின்றாள். திரும்பி வந்தபோது பொழிலன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இதை நிப்பாட்டுங்கோ” என்றாள்.

“என்னால முடியாது. நிழல் நோயாளிக்குச் சொந்தம்னு சட்டம். செத்தா வாரிசுக்கு. வாரிசு கேட்டா மட்டும்தான் திருப்பி ஓட்டலாம். உடலைத் திறந்து பார்த்த அளவு, கடைசியா எடுத்த நாடி இரத்தம், அவரு ஊதின பழைய அளவு எல்லாம் இருந்தா, உண்மையில என்ன நடந்துச்சோ அப்படியே ஓட்டி மூடலாம். கம்பெனி வழியாப் போனா ஒரு வருஷம் இழுக்கும். குடும்பம் கேட்டா இன்னைக்கே நான் செய்வேன். வேலை போனா போகட்டும்.”

“ஒராள் காணுமோ?”

“மேடம், தெற்காசியக் கூட்டத்துல நிழல் பச்சையா இருந்து செத்தாருன்னு ஒரு சாவுகூட இதுவரைக்கும் பதிவாகல. பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இருக்கிற தூரம் ரொம்பப் பெருசு. ஒருத்தர் போதும், உடனே எல்லாருக்கும் நார்மலை மாத்திக்கும்.”

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தர்சிகாவின் வீட்டில் சொந்தக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள். குசினி மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து ஒரு கைக்கணினி வைத்திருந்தது. அதில் நிரோஜனின் நிழல் மூச்சு விட்டது. நோயாளியின் வீட்டாருக்கு நிழலைப் பார்க்க அனுமதி உண்டு. அதை யாரும் திரும்ப எடுக்கவில்லை. தர்சிகா சத்தத்தையும் கூட்டி வைத்திருந்தாள். அந்தச் சின்னக் குசினி முழுக்க ஒரு நித்திரைக்காரனின் சீரான மூச்சு கேட்டது.

ஆரபி கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். “தர்சிகா, நீர் ரெண்டு தரம் வந்து சொன்னீர். நான் உம்மட சொல்லைக் கேட்கேல்லை. சுவரைத்தான் பாத்தனான்.”

“ஓம்” என்றாள் தர்சிகா. அவ்வளவுதான். தேத்தண்ணி ஊற்ற எழும்பினாள். ஊற்றாமலே திரும்ப உட்கார்ந்தாள். “உங்களில எனக்குக் கோபம்தான் அக்கா. பொய் சொல்ல மாட்டன். நீங்கள் தமிழ் ஆள் எண்டபடியாத்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் பயப்பிடாமல் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

ஆரபி ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். பொழிலன் காட்டியதை மெதுவாக எடுத்துச் சொன்னாள். மேசையில் மூச்சு விடுகிற அந்தப் பச்சை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் சொன்னாள்.

தர்சிகா கைக்கணினியைப் பார்த்தாள். பாம்பைப் பார்க்கிறமாதிரி கதிரையைப் பின்னால் தள்ளினாள். மறுகணமே எட்டி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இவர் ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் செய்யாத மனுசன்.”

“ஓம், தெரியும்.”

“இப்ப வார்ட்டில ஆர் இருக்கினம்?”

“மூண்டு பேர். உமக்குத் தெரிஞ்ச ஆள், கடை வைச்சிருந்த பூரணமக்கா. மற்றது ஒரு பாகிஸ்தான் பெடியன், ஒரு நேபாளத்து மனுசி. என்னால ஏலுமானதெல்லாம் குடுக்கிறன். தீவிர சிகிச்சைக் கட்டிலும் ஹெலிகொப்டரும் நிழல் சிவந்தாத்தான். மூண்டு பேருக்கும் பச்சை.”

குசினியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தர்சிகா அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சும்மா நிப்பாட்டிவிடுறதெண்டால் நான் விடமாட்டன்” என்றாள் கடைசியில். “அவர் எப்பிடிச் செத்தாரோ, அப்பிடியே காட்டுங்கோ. ஒண்டையும் மறைக்கக் கூடாது. நானும் பக்கத்தில நிப்பன்.”

மறுநாள் முற்பகல் அதே அறை. கட்டில் காலி. ஹால்வர் கதவடியில் நின்றார். சீரி தர்சிகாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒஸ்லோவிலிருந்து பொழிலனின் குரல் கேட்டது. “ரெடியா, அம்மா?”

“ஓம்” என்றாள் தர்சிகா.

சுவரில் நிழல் ஒருகணம் அணைந்து திரும்ப வந்தது. இப்போது அது பெரிதாக இருந்தது. நிரோஜன் ஊதி அளந்த உண்மையான அளவு அதுதான். கடலுக்கடியில் போய் வந்த நுரையீரல். தர்சிகாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பொழிலன் அதை, நிரோஜன் வாசலால் நடந்து வந்த அந்தக் காலையிலிருந்து ஓடவிட்டார்.

அது பச்சையாகத் தொடங்கவே இல்லை. முதல் மூச்சிலேயே அடிப்பாகம் சிவந்திருந்தது. அவன் பகிடி விட்டுக்கொண்டிருந்த நேரம், ஆரபி தோளில் தட்டிக் கட்டிலைக் காட்டிய நேரம், சிவப்பு பாதிக்கு ஏறிவிட்டது. தர்சிகா முதல் தடவை முறையிட வந்த நேரத்துக்குக் கடுஞ்சிவப்பு. இரண்டாவது தடவை அவள் வந்தபோது மூச்சு குட்டை குட்டையாகி, நாய் இளைப்பதுபோல ஆகியிருந்தது. ஆரபி கண்ணை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“நடந்து வந்த நேரமே...” என்றாள் தர்சிகா.

“ஓம்.”

“அப்பவே ஹெலிகொப்டரில ஏத்தியிருந்தால்?”

ஆரபி பொய் சொல்லவில்லை. “அடுத்த நாள் ஏத்தின ஹோடான் பிழைச்சவ. இவனும் பிழைச்சிருப்பான்.”

நிழல் ஒருமுறை விரியப் பார்த்தது. முடியவில்லை. நின்றது. திரை கறுத்தது. தர்சிகா முன்னால் போய் இரண்டு உள்ளங்கையையும் அந்தக் கறுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சீரி அழுதாள்.

அப்போது சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. பக்கத்தில் நின்ற ஆரபி எடுத்தாள். வான் மருத்துவ மையத்துப் பெண், முன்பு பேசிய அதே பொறுமையான குரல்.

“டொக்டர், உங்கள் வார்ட்டிலிருந்து கடுஞ்சிவப்பு வந்திருக்கிறது. நோயாளியின் பெயர் நிரோஜன். ஹெலிகொப்டர் புறப்படுகிறது. அவரைத் தயார்ப்படுத்துங்கள்.”

ஆரபி தர்சிகாவைப் பார்த்தாள். தொலைபேசிக் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டிருந்தது. தர்சிகா திரும்பினாள். கண்ணைத் துடைக்காமலே வந்து தொலைபேசியை வாங்கினாள். இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்ட நோர்வே மொழியில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“நான் அவருடைய மனைவி. அவர் இறந்துவிட்டார். பத்து நாளாகிறது.”

எதிர்முனையில் விசைகள் தட்டுப்படும் ஒலி. “மன்னிக்க வேண்டும்... எனக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் ஹெலிகொப்டரைத் திருப்பவா? வேறு யாராவது இருக்கிறார்களா?”

நடைவழியில் மணி அடித்தது. ஒன்று அடங்குமுன் இன்னொன்று. ஹால்வர் கதவை அகலத் திறந்துவிட்டு ஓடினார். ஆரபி வாசலில் வந்து நின்று பார்த்தாள். பூரணமக்காவின் அறையிலிருந்து சிவப்பு வெளிச்சம் நடைவழித் தரையில் விழுந்து கிடந்தது. அதற்கு அடுத்த அறையிலிருந்தும். அதற்கு எதிரறையிலிருந்தும்.

தர்சிகா தொலைபேசியை அவளிடம் நீட்டினாள்.

“இருக்கிறார்கள்” என்றாள் ஆரபி. “மூன்று பேர். ஒன்று போதாது, எங்கிருந்தாவது இன்னும் அனுப்புங்கள்.”